முத்திரையா, பசையா? அக்காவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போன அனுபவம்

விடுப்பு மூன்று வாரம். அதில் பதினாறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போய்விட்டது. அக்காவுக்குச் சிறுமூளைப் பக்கம் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எதைப் பார்த்தாலும் குறை சொல்வான் என்று ஒரு பேர் உண்டு. நல்லதையும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பேர் மட்டும் வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு இளம் டாக்டர் வந்தார். மூளை உறையை மூடும் சீலன்ட் பற்றி ஒரு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டு, தமிழில் அச்சிட்ட படிவத்தை நீட்டினார். அதில் சீலன்ட் என்பதை 'முத்திரையிடும் பொருள்' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, "ஏண்டா, என் தலையில முத்திரை குத்தப் போறாங்களா?" என்றாள். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பசைன்னு வெச்சுக்கங்கம்மா" என்று படிவத்தை மூடிவிட்டு வாயாலேயே விளக்க ஆரம்பித்தார். மொத்தப் பயணத்திலும் எனக்குக் கிடைத்த உருப்படியான சேவை அந்த இருபது நிமிஷம்தான்.

மூளையைச் சுற்றி மூன்று உறைகள். வெளியே இருக்கும் தடித்த உறைக்கு டூரா என்று பேர். அதை வெட்டாமல் உள்ளே போக முடியாது. வேலை முடிந்ததும் தைத்துவிடுவார்கள், ஆனால் ஊசி போன துளை வழியாகக்கூடக் கசியும். மூளையைச் சுற்றி உள்ளே நிற்கும் நீர் ஏறத்தாழ 150 மில்லிதான். ஆனால் உடம்பு நாளொன்றுக்கு 500 மில்லி சுரந்துகொண்டே இருக்கிறது. கசிந்தால் காயம் ஆறாது. நீர் வெளியேறும் வழியாகவே கிருமி உள்ளே போனால் மூளைக்காய்ச்சல். சிறுமூளைப் பக்கத்து ஆபரேஷன்களில் இந்தத் தொல்லை அதிகம்.

தையல் மேல் பூசுவதற்கு ரத்தம் உறைகிற முறையிலேயே வேலை செய்யும் ஃபைப்ரின் பசை உண்டு. பாலிஎதிலீன் கிளைகால் ஜெல்லும் உண்டு: இரண்டு திரவங்கள் குழாய் முனையில் கலந்து, சில நொடியில் கெட்டியாகி, சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் ஈரம் குடித்து உப்பும். நரம்புக்குப் பக்கத்தில் பார்த்துப் பூச வேண்டும்.

ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதை இன்னும் என்ன சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன். "மேசையில கசியாம இருக்கறது வேற சார், பத்து நாள் கழிச்சுக் கசியாம இருக்கறது வேற" என்றார். மேசையில் பூசியதும் மயக்க டாக்டர் நெஞ்சுக்குள் காற்றழுத்தத்தைச் சில நொடி கூட்டிப் பிடிப்பார், தையலில் சொட்டு வருகிறதா என்று பார்ப்பார்கள். 2005-இல் அமெரிக்காவில் டூராசீல் என்ற அந்த ஜெல் வகை அனுமதி பெற்றபோது காட்டிய 111 பேர் ஆய்வு பெரும்பாலும் அதைத்தான் அளந்தது, ஒப்பிட வேறு குழு இல்லை. பிறகு 237 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, அந்த ஜெல்லையும் வழக்கமான மற்ற முறைகளையும் ஒப்பிட்டதில், இரண்டு பக்கமும் கசிவு குறைவு. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அரிதாக நடப்பதை அளக்க ஆள் நிறைய வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டாள். யாருக்குப் பசை என்பது குலுக்கலில் முடிவாகும். ஆபரேஷன் செய்பவருக்குத் தெரியும், பிறகு காயத்தைப் பார்ப்பவருக்கும் எங்களுக்கும் தெரியாது.

இனி குறை. ராத்திரியில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி தலையணை நனைந்திருந்தது. டூட்டியில் இருந்தவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வியர்வைதான், ஃபேனைக் கூட்டுங்க" என்றார். "வியர்வைன்னா பிசுபிசுக்கும்டா, இது தண்ணியா இருக்கு" என்றாள் அக்கா. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு அதே இளம் டாக்டர் வந்தார். அக்காவை உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லி, தையலுக்குக் கீழே சுத்தமான காஸ் துணியைப் பிடித்தார். நிறமே இல்லாத ஈரம் வட்டமாகப் பரவியது.

அது மூளை நீர்தானா என்று காட்டும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதச் சோதனைக்கு நீரை அனுப்பினார்கள். முதுகில் மெல்லிய குழாய் போட்டு ஐந்து நாள் நீரை வடித்தார்கள். அக்கா அசைந்தாலோ கட்டில் உயரம் மாறினாலோ குழாயை மூடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் நீர் மளமளவென்று வடிந்துவிடும். வார்டு நர்ஸம்மா ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. கசிவு நின்றது.

"அப்ப எனக்குப் பசை போடலையா டாக்டர்?"

"சொல்லக் கூடாதும்மா. போட்டவங்களுக்கும் கசியலாம்."

டிஸ்சார்ஜ் தாளில் குழாய் பற்றி எழுதியிருந்தார்கள், ஆய்வு பற்றி ஒரு வரி இல்லை. பின்னால் வேறு எங்காவது ஸ்கேன் எடுத்தால் அந்த ஜெல்லே நீர்த்தேக்கம் போலத் தெரியக்கூடும். கேட்டு நின்று, ஆய்வு எண்ணையும் போன் நம்பரையும் கையால் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஆய்வுக் குழுவிலிருந்து ஒரு பெண் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். முதல் கேள்வியே, "தலையணை நனையுதாம்மா?"