காது ஆபரேஷன் என்று சொல்லி 65 ஆயிரம் ஏமாற்றிவிட்டார்கள், உஷார்

கோபத்தில்தான் எழுதுகிறேன். கோவைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியில் முடி வளர்த்துக் காதை மறைக்கப் பழகிவிட்டான். வேலைக்குப் போய்க் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவன் கேட்டது இது ஒன்றைத்தான். லேசர், முடி நடுவது எல்லாம் செய்கிற ஒரு அழகு கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த பெண் அவனைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, இரண்டு காதையும் விரலால் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பாருங்க தம்பி, இவ்வளவுதான், ஒரு மணி நேர வேலை" என்றார். பிள்ளை தன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். 65 ஆயிரத்தையும் அங்கேயே ஜிபே பண்ணிவிட்டோம்.

ஆபரேஷன் செய்ய வந்த டாக்டர் அதுவரை நாங்கள் பார்த்தே இராத ஆள். அன்று ராத்திரியே இடது காதில் மட்டும் உயிர் போகிற வலி. போன் செய்தால் "அதெல்லாம் சகஜம், மாத்திரை போட்டுத் தூங்கச் சொல்லுங்க". மறுநாளும் அதே பதில். கட்டைப் பிரித்தபோது ரத்தம் கட்டிக் காது கறுத்து வீங்கியிருந்தது, அப்புறம் சீழ் வைத்துவிட்டது.

வேறு ஊரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டினோம். குருத்தெலும்பில் இருக்க வேண்டிய மடிப்பு சரியாக விழாததால் காது நீட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே கரையாத தையல் போட்டு அந்த மடிப்பை உண்டாக்க வேண்டும், இவர்களோ பின்பக்கத் தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைத்திருக்கிறார்கள், தோல் நெகிழ்ந்தால் காது பழையபடி வந்துவிடும் என்றார். வலது காது அப்படியே வந்துவிட்டது. இடது காது சுருங்கிக் கிடக்கிறது.

கிளினிக்கில் கேட்டால் டாக்டர் மீட்டிங்கில் இருக்கிறார், மேனேஜர் லீவு, கடைசியில் "உங்க தம்பி ராத்திரி காதை அழுத்திப் பிடிக்கிற ஹெட்பேண்டை ஒழுங்கா போட்டிருக்க மாட்டார், மறுபடி செய்ய 40 ஆயிரம் ஆகும்" என்கிறார்கள். 65 ஆயிரம் வாங்கியவர்கள் பேசுகிற பேச்சா இது! பில்லில் 'காஸ்மெடிக் பேக்கேஜ்' என்று மட்டும்தான் இருக்கிறது.

விவரமாக எழுத இப்போது முடியவில்லை. கத்தி வைக்கப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள், அவரையே நேரில் பார்த்துப் பேசாமல் பணம் கட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வலி கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், நாங்கள் கேட்டும் இன்னும் தரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அந்த 65 ஆயிரத்தை விடப்போவதில்லை.