எந்த சர்வர் என்று வாசலிலேயே கேட்டால்: மாஸ்டடானா, ப்ளூஸ்கையா?

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி பனையோலையில் கொட்டான் என்னும் கூடை பின்னுவார். அவற்றின் படங்களைப் போட, ஒரே கம்பெனியின் கையில் இல்லாத இடம் ஒன்று சொல்லப்பா என்றார். மாஸ்டடானைத் திறந்து கொடுத்தேன். பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள், அதாவது நம் கணக்கையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினிகள், ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைத்தளம் அது. இரண்டு நிமிடத்தில் போனைத் திருப்பி நீட்டினார். "எந்த சர்வர்னு கேக்குது. எனக்கென்னப்பா தெரியும்?"

நகரத்தார் வீட்டில் பிறந்தவருக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஒன்பது கோயில்களில் நீங்கள் ஒன்றைச் சேர்ந்தவர். அதனால் மற்றக் கோயிலாரோடு உறவு அறுந்துபோவதில்லை. சர்வரும் அப்படித்தான்: எங்கே கணக்கு வைத்தாலும் மற்ற சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். ஆனால் கோயில் பிறப்பிலேயே வந்துவிடும். சர்வரை, உள்ளே எட்டிப் பார்க்கும் முன்பே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மாஸ்டடான்காரர்களுக்கும் இது புரிந்தது. 2023-இல் தங்கள் ஆப்பில் தாங்களே நடத்தும் மாஸ்டடான்.சோஷியல் சர்வரையே முதல் வழியாக வைத்தார்கள். நுழைவது எளிதானது, கூட்டம் ஒரே இடத்தில் சேர்வதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

இதே போன்ற இன்னொரு சமூக வலைத்தளமான ப்ளூஸ்கை அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. சர்வரை மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் எதையும் தொடாவிட்டால் அவர்களுடைய சர்வரிலேயே கணக்கு தொடங்கும். ஆச்சி மூன்று நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்.

அப்புறம் வருவதுதான் பெரிய தொல்லை: வெறும் வீடு. யாரையும் தெரியாது, திரையில் ஒன்றும் ஓடாது, நாலாம் நாள் ஆள் திரும்ப வரமாட்டார். இதற்கு ப்ளூஸ்கை 2024-இல் கொண்டுவந்த ஸ்டார்ட்டர் பேக் எனக்கு மிகவும் பிடித்தது. நமக்குத் தெரிந்தவர்களை ஒரு தொகுப்பாக்கி லிங்க் அனுப்பினால், புதியவர் அதன் வழியே கணக்கு தொடங்கி அத்தனை பேரையும் ஒரே தட்டில் பின்தொடரலாம். கல்யாண வீட்டு முகப்பில் நின்று, "வாங்க, இவங்க நம்ம பெரியப்பா வீடு" என்று கைபிடித்து அழைத்துப் போவது போல.

மாஸ்டடானிலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. சர்வர் நடத்துபவர் அனுமதித்திருந்தால் அழைப்பு லிங்க் உருவாக்கலாம்; அதன் வழியே வருபவர் உங்களைத் தானாகவே பின்தொடரும்படி வைக்கலாம். உங்களை மட்டும்தான், அதுதான் குறை. ஹாஷ்டேகையே பின்தொடரும் வசதி அதை ஓரளவு ஈடுகட்டும். ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கி என்று நாலைந்து போட்டுவைத்தால் திரை கொஞ்சம் நிறையும். ஆனால் இன்னொரு சர்வரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து "பின்தொடர்" என்று தட்டினால், உங்கள் சர்வர் எது என்று மறுபடி கேட்கும். புதியவர்கள் அங்கேதான் களைத்துப் போகிறார்கள்.

வீடு மாறும்போது, அதாவது கணக்கை வேறு சர்வருக்குக் கொண்டுபோகும்போது? மாஸ்டடானில் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ப்ளூஸ்கையின் அமைப்பில் இரண்டுமே வரும். ஆனால் அதைச் செய்யக் கொஞ்சம் கணினி அறிவு வேண்டும். பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்தக் கம்பெனியின் சர்வர்களிலேயே இருக்கின்றன. எல்லாம் ஒரே கையில் குவியாமல் இருப்பது, அதாவது பரவலாக்கம் என்ற சொல்லுக்கு இன்று மாஸ்டடானே நெருக்கம் என்று நினைக்கிறேன்.

ஆச்சிக்கு ப்ளூஸ்கைதான் சரி என்று முடிவு செய்தேன். கண்டாங்கி நெய்யும் தம்பி ஒருவனை, நண்பர் நடத்தும் சிறிய மாஸ்டடான் சர்வரில் சேர்த்தேன். சர்வர் எது என்று அவனிடம் கேட்கவே இல்லை, லிங்கை அனுப்பினேன். அவனுக்குச் சந்தேகம் வந்தால் கேட்க, அங்கே தமிழ் பேசும் ஒரு ஆள் இருக்கிறார்.