பாரிமுனையில் ஓர் ஒமேகா

சிங்கப்பூரிலிருந்து மூன்று வாரம் சென்னைக்குப் போய் வந்தேன். வழக்கமான ஊர் வேலைகள்தான்: வங்கியில் கே.ஒய்.சி., அம்மாவுக்குக் கண் பரிசோதனை, எனக்கு ஒரு பல் அடைப்பு. வங்கிக்கு மூன்று நடை, பல்லுக்கு ஒரே நடை. சொல்ல விஷயம் இருப்பது நான்காவது வேலையில். அறுபதுகளில் வந்த ஒமேகா சீமாஸ்டர் கைவாட்ச் ஒன்று வாங்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. சிங்கப்பூர் விலையில் பாதிக்கு ஊரில் கிடைக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார். கிடைக்கத்தான் செய்கிறது. ஏன் பாதி விலை என்பதும் முதல் கடையிலேயே தெரிந்துவிட்டது.

தென்சென்னையில் ஏசி போட்ட கடை. வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினார்கள். டயல் பால் வெள்ளை. "மின்ட் கண்டிஷன் சார்" என்றார் விற்பனையாளர். பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். "திறந்தா வாட்டர் சீல் போயிடும் சார்." அறுபது வருட வாட்ச்சில் எந்த சீல் இன்னும் உயிரோடு இருக்கிறதாம்?

சரி, முகத்தையாவது பார்ப்போம் என்று பையிலிருந்த பத்து மடங்கு லென்ஸை எடுத்தேன். 'ஒமேகா' என்ற எழுத்துகள் ஓரத்தில் லேசாகப் பிசிறடித்திருந்தன. நிமிடக் கோடுகள் சில இடங்களில் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கவில்லை. ஒட்டவைத்த உலோகச் சின்னத்தைச் சுற்றிப் பெயின்ட் ஏறியிருந்தது. டயலை யாரோ மறுபடி பூசியிருக்கிறார்கள். டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்பதற்கு இரு பக்கமும் 'டி' என்ற எழுத்து. இருட்டில் ஒளிர்வதற்கான ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசியது என்பதற்கு அதுதான் அடையாளம். கையால் மூடி இருட்டாக்கிப் பார்த்தால் முள் பச்சையாக ஜொலிக்கிறது! ட்ரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், பன்னிரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அறுபது வருடத்தில் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவும் அந்தக் காலத்துப் பூச்சு என்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியே இருக்காது. முந்தாநாள் பூசியதுதான் இப்படி எரியும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதில் பழைய ரிப்பேர்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குப் பல பத்தாண்டுகள் கட்டுப்பாடு இருந்த நாடு இது. அரசு நிறுவனமான எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்ததே 1961இல்தான். உதிரிப்பாகம் வராது. சென்னையின் ஈரக்காற்றும் உப்பும் டயலைப் புள்ளி புள்ளியாகத் தின்னும். கொண்டுவந்தவருக்கு மணி தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அதையே இன்று 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

அடுத்து ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கிப் பாரிமுனை. இந்த முறை முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டேன்: விற்பவர் வாட்ச்சோடு என்கூட வர வேண்டும், மூன்றாம் ஆள் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு தரகர்கள் மறுத்தார்கள். மூன்றாமவர் சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையோடு கூடவே நடந்து வந்தார்.

மூன்றாம் ஆளாகப் பார்த்தவர் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் பாய். எழுபது வயதிருக்கும். திறந்து பார்த்துச் சொல்ல 200 ரூபாய். "விக்கிறவன்கிட்ட வாங்க மாட்டேன், நீதான் தரணும் தம்பி" என்றார். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த கட்டணங்களில் உருப்படியானது அதுதான்.

டயல் தயிர் நிறத்துக்குப் பழுத்து, நான்கு மணிப் பக்கம் ஒரு புள்ளி. ஆனால் எழுத்தெல்லாம் கூர்மை. பின்மூடியில் சீமாஸ்டரின் சின்னமாக இருக்கும் கடல்குதிரையின் செதில்களை விரலால் தடவ முடிந்தது. பாலிஷ் போட்டுப் போட்டு எடுத்த வாட்ச்சில் அது தேய்ந்த காசு மாதிரி ஆகிவிடும். வார் மாட்டும் கால்களின் விளிம்பும் மழுங்கவில்லை. மூடிக்கு உட்புறம் 165 என்று தொடங்கும் எண். தேதி இல்லாத ஆட்டோமேட்டிக் மாடல்களுக்கு உரியது அது. தேதி உள்ளது என்றால் 166 என்று இருக்கும். டயலில் தேதிக் கட்டம் இல்லை, ஆக மூடியும் முகமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். மிஷின் செம்பு நிறத்தில், மாடல் எண் 552, சக்கரங்கள் தேயாமல் சுழல வைக்கும் கற்கள் இருபத்து நான்கு.

குறைகளையும் பாய் மறைக்கவில்லை. கிரவுனில், அதாவது சாவி கொடுக்கும் திருகில், ஒமேகா சின்னம் இல்லை, மாற்றியது. கண்ணாடியின் நடுவில் பொடி எழுத்தாக இருக்க வேண்டிய சின்னமும் இல்லை. அது பிளாஸ்டிக் கண்ணாடி, போனால் போகிறது. கவலைப்பட வைத்தது கிரவுன் தண்டு உள்ளே போகும் இடத்தில் தெரிந்த பழுப்புத் துரு. தண்ணீர் வருவது அந்த வழியாகத்தான். ஐ கிளாஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சுரண்டிப் பார்த்துவிட்டு, "தண்டோட நின்னுடுச்சு, சக்கரத்துக்குப் போகல" என்றார்.

அப்புறம் வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் மேல் வைத்தார். நாளுக்கு 14 விநாடி வேகம். நான் அதிலேயே திருப்தியாகிவிட்டேன். பாய் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சைத்தான் பார்த்தார்: படுக்க வைத்தால் 215 டிகிரி, கிரவுன் கீழே இருக்கும்படி நிறுத்தினால் 190. நல்ல நிலையில் இருந்தால் படுக்கையில் 270க்கு மேல் வர வேண்டும். "ஓடுது. ஆனா மேல்மூச்சு வாங்குது" என்றார். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பேரம் பேசினேன். 48,000 சொன்ன தரகர் 39,000க்கு இறங்கினார். சிங்கப்பூர் ஃபோன் எண்ணோடு இணைத்த என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) யு.பி.ஐ. மூலம் அங்கேயே பணம் போனது.

பில் கேட்டபோதுதான் தரகர் முழித்தார். லெட்டர்பேடில் 'பழைய கைவாட்ச் 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒமேகா என்ற பெயரையும் உள்ளே இருந்த எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லி இரண்டாவது தாள் வாங்கினேன்.

சர்வீஸ் பாயிடமே. 4,500 ரூபாய், நான்கு நாள் என்றார், ஆறு நாள் ஆனது. அவருடைய உதவியாளர் பையன் டயலைப் புதிதாக அடித்துத் தரட்டுமா என்று இரண்டு முறை ஆசையாகக் கேட்டான். இரண்டு முறையும் கும்பிட்டு மறுத்தேன். திரும்ப வாங்கியபோது வீச்சு 275. மாற்றிய தண்டையும் மெயின்ஸ்பிரிங்கையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கேட்காமலேயே பழைய பாகங்களைத் திருப்பித் தருபவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழி. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பும் சிங்கப்பூர்வாசிக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஜி.எஸ்.டி. சலுகை, அதற்கு மேல் 9 சதவீதம். என் பில் 600 வெள்ளியை ஒட்டி வந்தது. அதிகாரி அந்தத் தமிழ் லெட்டர்பேடையும் நான்கு மணிப் பக்கத்துப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது வெள்ளி சொச்சம் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.