எட்டாண்டுப் போலரைசர்: அருவிப் படங்களில் ஒரு ஃபில்டரின் கணக்கு

2017 ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் புடு வட்டாரத்தில் உள்ள ஒரு கேமராக் கடையில் தெறிப்பொளியைக் குறைக்கும் 77 மி.மீ. வட்டப் போலரைசர் ஒன்றையும், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் இருட்டுக் கண்ணாடியான ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றையும் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்), அலுமினிய முக்காலி ஒன்றையும் ஒரே நாளில் வாங்கினேன். பால் சொரிந்தாற்போல் அருவி இறங்கும் படங்களைப் பார்த்து மயங்கியிருந்த காலம் அது. அந்தப் படங்களுக்கு உயிர் என்டி ஃபில்டர்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். போலரைசரைக் கடையில் வேலை பார்த்த தமிழ் அண்ணன் வற்புறுத்தியதால்தான் எடுத்தேன். "தம்பி, ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா இதை எடுங்க" என்றார். விற்பனைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு இரண்டையும் வாங்கி வந்தேன். இந்த எட்டாண்டுகளில் போலரைசர் லென்ஸை விட்டு இறங்கிய நாள்கள் மிகக் குறைவு. என்டி ஃபில்டரின் கதை வேறு. அதைக் குரங்கு கொண்டுபோனது.

கேமரா நிக்கான் டி7200, லென்ஸ் 18-140. அந்த லென்ஸின் முன்வாய் 67 மி.மீ.தான், இருந்தும், பின்னாளில் பெரிய லென்ஸ் வாங்கினால் உதவட்டும் என்று 77 மி.மீ. ஃபில்டரை எடுத்து, இடையில் ஒரு மாற்று வளையம் போட்டுக்கொண்டேன். இந்த ஏற்பாட்டில் பணம் மிச்சமாவது உண்மை. ஆனால், லென்ஸுக்குரிய ஹூட் (முன்மறைப்பு) அதன் மேல் பொருந்தாது என்பதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அருவிச் சாரலில் ஹூட் இல்லாத லென்ஸ் என்பது முகத்தை நீட்டிக்கொண்டு மழையில் நிற்பதைப் போன்றது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வாங்கிய ஒரு குடைதான் இன்றுவரை எனக்கு ஹூட்.

நான் அதிகம் போவது கஞ்சிங் அருவிக்கு. செலாயாங்கைத் தாண்டி ரவாங் செல்லும் பழைய சாலையில் ஏழு அடுக்குகளாக இறங்கும் இந்த அருவிக்கு, வீட்டில் பசியாறிவிட்டுப் புறப்பட்டாலும் கூட்டம் சேர்வதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம். கீழ் அடுக்குகளில் சிமெண்டுப் படிகளும் குளிக்கும் குழந்தைகளும் சட்டத்திற்குள் வந்துவிடும். மேலே ஏற ஏற ஆள்களும் குறைவார்கள், ஒளியும் குறையும். இந்தக் காடு கபூர் மரங்களுக்குப் பேர்போனது. கபூர் என்பது நம் கற்பூரமேதான். அந்த மரங்களின் உயரக் கவிகைக்குக் கீழே காலை எட்டரை மணிக்குக்கூட மாலை ஆறு மணி போன்ற ஒரு மங்கல் இருக்கும். இந்த மங்கல்தான் இந்தப் பகிர்வின் மையம்.

கணக்கைப் பார்ப்போம். கவிகைக்குக் கீழே, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100இல், லென்ஸின் துளையை எஃப் 11இல் வைத்தால் என் கேமராவின் ஒளிமானி பெரும்பாலும் 1/8 விநாடியைக் காட்டுகிறது. போலரைசர் போட்டால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும். அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கால் விநாடிக்கும் அரை விநாடிக்கும் இடையில் வந்து நிற்கும். ஓடும் நீரின் போக்கும் தெரிந்து, அதன் இழைகளும் தனித்தனியே தெரிவதற்கு எனக்குப் பிடித்த வேகம் இதுதான். இதற்கு மேல் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டரைப் போட்டால் ஒளி 64இல் ஒரு பங்காகி, கால் விநாடி 16 விநாடியாக நீண்டுவிடும். அந்த 16 விநாடியில் அருவி பஞ்சாகிறது; ஓரத்துப் பெரணி இலைகள் சாரல் காற்றில் ஆடிப் பச்சைப் புகையாகின்றன; பாறை மட்டும்தான் பாறையாக நிற்கிறது. முதல் ஆண்டில் நான் பெருமையோடு எடுத்த படங்கள் அனைத்தும் இந்த வகையே. பெரிதாக அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிய ஒன்றைப் பார்த்த என் அத்தை, "என்னப்பா இது, தலகாணி கிழிஞ்சு போச்சா?" என்று கேட்டார். அந்தப் படத்தை இன்னும் கழற்றவில்லை, ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

2019இல் இரண்டாம் அடுக்கின் அருகே முக்காலியை நிறுத்திவிட்டுக் கைகழுவத் திரும்பிய நேரத்தில், ஒரு நீள்வால் குரங்கு என் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு கிளையேறிவிட்டது. பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்பது அங்குள்ள குரங்குகளுக்குப் பாலபாடம். உள்ளே இருந்ததோ என்டி ஃபில்டரின் உறை. அது வெல்க்ரோவை நிதானமாகப் பிரித்து, கண்ணாடியை வெளியே எடுத்து, ஓரத்தை ஒருமுறை கடித்துப் பார்த்து, சுவை பிடிக்காமல் கைவிட்டது. கீழே கருங்கல். புதிய ஃபில்டர் வாங்க அந்த மாதம் கையில் பணமில்லை; பிறகு மனமும் இல்லை. அடுத்த ஐந்து மாதங்கள் போலரைசரை மட்டுமே வைத்துக்கொண்டு எடுத்த படங்களை முந்தைய படங்களோடு வைத்துப் பார்த்தபோதுதான், எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான் என்பது புலப்பட்டது.

போலரைசரை வெறும் இருட்டுக் கண்ணாடியாகக் கருதுவது அதற்கு நாம் செய்யும் அநியாயம். நீரிலும் ஈரப்பாறையிலும் இலையிலும் பட்டுத் தெறிக்கும் வானத்து ஒளியில் பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிர்கிறது. பள்ளிப் பாடநூல் இதைத் தளவிளைவு என்று சொல்லும். போலரைசரின் முன்வளையத்தைத் திருகும்போது அந்தத் தளத்து ஒளி தடுக்கப்படுகிறது. நீரைப் பொறுத்தவரை, செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகைச் சாய்வில் தெறிக்கும் ஒளியில்தான் இந்த விளைவு முழுமையாக இருக்கும். ஆகவே, தடாகத்தை நேர் மேலிருந்து குனிந்து பார்த்து எடுத்தால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் பயன் இராது; நின்றபடி, சற்று முன்னே உள்ள நீரைச் சாய்வாகப் பார்த்தால் கண்ணெதிரே மாயம் நிகழும். வெள்ளைப் படலம் விலகி, அடியில் கிடக்கும் கூழாங்கற்களும் மட்கிய பழுப்பு இலைகளும் ஒவ்வொன்றாக மேலெழுந்து வரும். நுரை எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறடிப்பதால் அதன் வெண்மை மட்டும் அப்படியே நிற்கும். சுற்றியுள்ளவை ஆழ்ந்து, நுரை தனித்து நிற்கும் இந்த வேறுபாட்டைப் பின்னர்க் கணினியில் எவ்வளவு மெனக்கெட்டாலும் கொண்டுவர முடிவதில்லை, ஏனெனில் தெறிப்பொளிக்குப் பின்னால் மறைந்த கூழாங்கல் கோப்பில் பதிவாகவே இல்லை.

இதிலும் அளவு வேண்டும். தொடக்கத்தில் வளையத்தை விளைவின் உச்சம் வரை திருகிவிட்டு அப்படியே எடுப்பேன். நனைந்த பாறையின் பளபளப்பு முழுதும் போய், அது வெயிலில் காய்ந்த கல்லைப் போல் செத்துத் தெரியும். பாறை ஈரமாக இருக்கிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்வதே அந்தப் பளபளப்புத்தான். இப்போது உச்சத்திற்குப் போய்விட்டு, சிறிதளவு பின்னால் திருப்பி நிறுத்துகிறேன். எவ்வளவு என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்து, விரலால் மெல்லத் திருகித் திருகிப் பழக வேண்டியதுதான்.

கஞ்சிங்கில் தேவைப்படாத என்டி ஃபில்டர் உலு லங்காட்டில் உள்ள சுங்கை கபாய் அருவியில் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே அகன்ற கருங்கல் சரிவுகள் வானத்திற்குத் திறந்து கிடக்கின்றன; பத்து மணிக்கு மேல் வெயில் நேராக இறங்கும். அந்த வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 விநாடி. போலரைசருக்குப் பின் 1/25. இதற்கு மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி 8 சேர்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு விநாடி கிடைக்கும், அது போதும். எனவே, குரங்கு உடைத்ததற்கு மாற்றாக 2021இல் நான் வாங்கியது மூன்று ஸ்டாப் ஃபில்டர்தான். ஃபில்டரே வாங்காமல் துளையை எஃப் 22 வரை சுருக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதும் ஒரு மழுக்கம் வந்துவிடும், 24 மெகாபிக்சல் கோப்பில் அது நன்றாகவே தெரியும். உண்மையில் வெயிலடிக்கும் நேரத்தில் அருவியைப் படமெடுப்பதே வீண் முயற்சி என்பது என் கருத்து. நிழலும் வெயிலும் திட்டுத் திட்டாக விழும்போது எந்த ஃபில்டராலும் நுரையின் வெண்மை எரிந்துபோவதைத் தடுக்க முடியாது. மேகமூட்டமான நாளே அருவிக்கு நல்ல நாள்.

ஒரே கண்ணாடியில் இருட்டைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்யும் மாறும் என்டி ஃபில்டரை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிச் சில வாரங்கள் பயன்படுத்தினேன். அதன் உள்ளே இருப்பவை இரண்டு போலரைசர்களே. அகலக் கோணத்தில் இருட்டை மிகைப்படுத்தினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு விழுகிறது. தெறிப்பொளியையும் இருட்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தவும் முடிவதில்லை. காணொளி எடுப்பவர்களுக்கு உதவலாம். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முக்காலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் நீருக்குள் காலை ஊன்றினால் நீரின் விசையில் அது நுண்ணியதாக அதிரும், அரை விநாடிப் படம் கெடும். பாறைமேல் ஊன்ற இடம் தேடுவதே நல்லது. லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு விநாடித் தாமதத்தில் ஷட்டரை விட்டால் போதும். வீட்டிற்கு வந்ததும் கால்களைக் கழற்றி மணலைக் கழுவாவிட்டால், அடுத்த முறை திருகும்போது பல்லைக் கடிக்க வைக்கும் ஒரு நறநறப்புக் கேட்கும்.

கோல குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் உள்ள சிலிங் அருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே போக ஆற்றைப் பலமுறை குறுக்கே கடக்க வேண்டும். ஒரு நாள் நண்பகலுக்குப் பின், தலைக்கு மேல் வானம் தெளிவாகவே இருந்தது. ஒரே கோணத்தில் ஒரு விநாடிப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் பார்த்தபோது, முந்தைய படத்தில் இல்லாத மெல்லிய பழுப்புக் கோடுகள் நீரின் குறுக்கே ஓடியிருந்தன. ஃபில்டரில் கீறல் விழுந்துவிட்டதோ என்று துடைத்துவிட்டு மீண்டும் எடுத்தேன்; கோடுகள் கூடியிருந்தன. அவை மிதந்து வந்த இலைகளும் சுள்ளிகளும். மலைமேல் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக இறங்குவதைத்தான் இங்கே எல்லாரும் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். இலைதழை மிதந்து வருவதும், நீர் கலங்குவதும், இரைச்சல் கனப்பதும் அதன் முன்னறிகுறிகள். முக்காலியை மடக்காமலேயே தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன். கடைசியாகக் கடந்த இடத்தில், காலையில் முழங்காலளவு இருந்த நீர் இடுப்பைத் தொட்டது. அதன் நிறம் அசல் தே தாரிக் தேநீர். அன்றிலிருந்து வானம் எப்படி இருந்தாலும் நண்பகலுக்கு முன்பே ஆற்றைவிட்டு வெளியேறிவிடுகிறேன்.

இனி, போலரைசரின் குறைகள். முதலாவது, இதன் கண்ணாடி படத்திற்கு ஒரு மெல்லிய மஞ்சள் சாயலைக் கொடுக்கிறது. காட்டின் பச்சை ஒளியோடு சேரும்போது நுரை எலுமிச்சை நீரின் நிறத்திற்குப் போய்விடும். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவாக) எடுத்து வெண்சமநிலையைச் சரிசெய்துகொள்வதால் எனக்கு இது பெரிய தொல்லையாக இல்லை. ஜேபெக் மட்டுமே எடுப்பவர்கள் எரிச்சலடைவார்கள். இரண்டாவது, குளிரூட்டப்பட்ட காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி முழுவதும் பனித்துப்போகும். துடைக்கத் துடைக்க மீண்டும் பனிக்கும். கடைசிப் பத்து நிமிடப் பயணத்தில் குளிரூட்டியை அணைத்துவிடுவதே நான் கண்ட ஒரே வழி. மூன்றாவது, ஈரத்தில் வளையம் இறுகிப்போகும்போது விரலால் கழற்ற முடிவதில்லை. தடித்த ரப்பர் பட்டை ஒன்றை வளையத்தைச் சுற்றிப் போட்டுத் திருகினால் வந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் வளையம் நெளிந்து இன்னும் கவ்விக்கொள்ளும்.

பெரிய சேதம் என் தவறால் நேர்ந்தது. 2020 மார்ச்சில் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டோடு முடங்கியபோது, கேமராவையும் லென்ஸையும் ஈரப்பதம் 45 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் வைத்தேன். சாரலில் நனைந்த ஃபில்டரோ தோள்பையின் பக்கவாட்டு அறையில் மாதக்கணக்கில் கிடந்தது. வெளியே எடுத்தபோது, இரு கண்ணாடிகளுக்கும் இடையில் உள்ள படலம் விளிம்பில் ஏறத்தாழ இரண்டு மி.மீ. அளவுக்குப் பிரிந்து, மீன் செதிலைப் போல் வெளிறியிருந்தது. தூக்கியெறிய வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் 67 மி.மீ. லென்ஸின் மேல் 77 மி.மீ. ஃபில்டர் இருப்பதால், பழுதான விளிம்பு லென்ஸின் பார்வைக்கு வெளியே நிற்கிறது, 18 மி.மீ. அகலத்தில்கூடப் படத்தின் மூலைகள் சுத்தமாகவே வருகின்றன. ஹூட்டைப் பறித்த அதே மாற்று வளையம் ஃபில்டரைக் காப்பாற்றிவிட்டது. இந்த ஐந்தாண்டுகளில் அந்தப் பிரிவு இன்னும் அரை மி.மீ. உள்ளே வந்திருக்கிறது. லென்ஸின் பார்வையை அது எட்டும்வரை வேறொன்று வாங்குவதாக இல்லை.