ஸாபிக்ஸ், நாகியோஸ், லிப்ரேஎன்எம்எஸ், ப்ரோமிதியஸ்: கத்துக்க எதுல ஆரம்பிக்கலாம்?

நெட்வொர்க் மானிட்டரிங் (ஸ்விட்ச், ரவுட்டர், சர்வர் எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பாத்துக்கற வேல) கத்துக்கணும்னு வர்றவங்க முதல்ல கேக்குறது, இந்த நாலு சாஃப்ட்வேர்ல எது பெஸ்ட்னுதான். ஆபீஸ்ல ஓட்டுறதுக்கு எது நல்லதுங்கறது வேற, உக்காந்து கத்துக்கறதுக்கு எது நல்லதுங்கறது வேற. பத்து நிமிஷத்துல கிராஃப் வந்து நிக்கிற சாஃப்ட்வேர் ஆபீசுக்கு ரொம்ப வசதி, ஆனா கத்துக்கறவங்களுக்கு அது பாதி விஷயத்த மூடி வெச்சிடும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது மாட்டிக்கிட்டா நமக்கு வேண்டியது அந்த மூடி வெச்ச பாதிதான்.

அதனால வசதிப் பட்டியல் போட்டு டிக் அடிக்காம ஒரே ஒரு வேலைய எடுத்துக்கறேன். ஒரு 24 போர்ட் ஸ்விட்ச் இருக்கு. அதோட அப்லிங்க் (அந்த ஸ்விட்ச மத்த நெட்வொர்க்கோட சேக்கற மெயின் லிங்க்) டவுன் ஆனா எனக்குத் தெரியணும், அப்லிங்க்ல டிராஃபிக் 80 சதவீதத்துக்கு மேல அஞ்சு நிமிஷம் நின்னா தெரியணும், மத்த நேரம் என் போன் சும்மா இருக்கணும். இந்த மூணையும் நாலு சாஃப்ட்வேர்லயும் நீங்களே செஞ்சு பாருங்க, எது எதக் கத்துக்குடுக்குதுன்னு தன்னால தெரிஞ்சிடும்.

எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மூணு நாள் வெறும் கமாண்ட் லைன்ல எஸ்என்எம்பி வாக் ஓட்டிப் பழகுங்க (எஸ்என்எம்பிங்கறது டிவைஸ்கிட்ட அதோட நிலைய கேட்டு வாங்குற முறை, வாக்ங்கறது அந்த மதிப்புகள வரிசையா எடுக்குற கமாண்ட்). இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒரு காலத்துல ஒரு கிகாபிட் லிங்க்குக்கு நானே ஸ்கிரிப்ட் எழுதி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கவுண்டர (இதுவரைக்கும் எத்தன பைட் போச்சுன்னு எண்ணிட்டே இருக்குற நம்பர்) எடுத்து கிராஃப் போட்டுட்டு இருந்தேன், யூசர்ஸ் எல்லாம் நெட் ஸ்லோன்னு சொல்றாங்க, கிராஃப் என்னடான்னா 114 எம்பிபிஎஸ் கிட்ட வந்து நிக்குது, அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. லிங்க்ல பிரச்சன இல்ல, ப்ரொவைடர் எதையோ லிமிட் பண்ணிருக்காங்கன்னு ஒரு வாரம் சண்ட போட்டேன். கடைசில பாத்தா நான் எடுத்தது 32 பிட் கவுண்டர். அது 429 கோடி பைட் வரைக்கும்தான் எண்ணும், கிகாபிட் வேகத்துல முழுசா ஓடுனா 34 செகண்ட்ல நிறைஞ்சு மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிச்சிடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பாத்தா நடுவுல எத்தன சுத்து சுத்துச்சுன்னு தெரியாது, கணக்குல அதிகபட்சமா வரக்கூடியதே 114 எம்பிபிஎஸ் சொச்சம்தான். ஐஎஃப் இன் ஆக்டெட்ஸ்ங்கற அந்த 32 பிட் கவுண்டர விட்டுட்டு 64 பிட் கவுண்டரான ஐஎஃப் எச்சி இன் ஆக்டெட்ஸுக்கு மாத்துன அன்னிக்குதான் உண்மையான டிராஃபிக் தெரிஞ்சுது. எஸ்என்எம்பி வெர்ஷன் 1ல டிவைஸ சேத்தா இந்த 64 பிட் கவுண்டரே கிடைக்காதுங்கறதும் அப்பதான் புரிஞ்சுது.

இப்ப அந்த ஸ்விட்ச லிப்ரேஎன்எம்எஸ்ல சேப்போம். இது 2013ல அப்சர்வியம்ங்கற இன்னொரு மானிட்டரிங் சாஃப்ட்வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது. ஐபிய குடு, கம்யூனிட்டி ஸ்ட்ரிங்க (எஸ்என்எம்பிக்கு பாஸ்வேர்ட் மாதிரி) குடு, அவ்வளவுதான், கொஞ்ச நேரத்துல 24 போர்ட்டும் பேரோட, டிஸ்கிரிப்ஷனோட, எரர் கவுண்டோட வரிசையா வந்துடும், டெம்பரேச்சர் ஃபேன் பவர் சப்ளை எல்லாம் அதுவே தேடி எடுத்துக்கும், 64 பிட் கவுண்டர் இருந்தா அதையே எடுத்துக்கும். நெட்வொர்க் டிவைஸ் மட்டும்தான் இருக்கு, பாத்துக்க ஒரே ஆள்தான்னா யோசிக்காம இதப் போடுங்க, இன்னிக்கே போடுங்க. அலர்ட் ரூலும் ரெடிமேடா ஒரு கலெக்ஷன் இருக்கு, எடுத்து சேத்துக்கலாம்.

ஆனா நான் ஒரு வாரம் படாத பாடு பட்டுக் கத்துக்கிட்ட அந்த 32 பிட் விஷயம் லிப்ரேஎன்எம்எஸ்ல ஆரம்பிச்சவருக்குத் தெரிய வாய்ப்பே இல்ல, ஏன்னா அது அவருக்காகவே முடிவு பண்ணிடுது. அதோட இது வழக்கமா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவதான் டிவைஸப் பாக்கும், அதனால முப்பது செகண்ட் லிங்க் நிறைஞ்சு வழிஞ்சு திரும்ப அடங்குனா அந்த அஞ்சு நிமிஷ சராசரில கரைஞ்சு போயிடும், கிராஃப் அமைதியாத்தான் இருக்கும்.

நாகியோஸ் இதுக்கு நேர் எதிர். ஈதன் கால்ஸ்டாட் 1999ல நெட்செயிண்ட்ங்கற பேர்ல விட்டது, 2002ல பேர் மாறுச்சு. பழசுதான், பாக்கவும் பழசாத்தான் இருக்கும், எல்லாமே டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதணும். ஹோஸ்ட் ஒண்ணு, சர்வீஸ் ஒண்ணு, கமாண்ட் ஒண்ணுன்னு எழுதி, கான்ஃபிக் சரியான்னு வெரிஃபை பண்ணி, ரீலோட் பண்ணாத்தான் நம்ம ஸ்விட்ச் ஸ்கிரீன்லயே வரும், ஒரு பிராக்கெட் விட்டுப் போனா எதுவும் ஓடாது. 24 போர்ட்டுக்கு எழுதறதுக்குள்ள கை வலிக்கும்.

ஆனா நான் இத ஒரு வாரமாவது தொடச் சொல்லுவேன், மூணு காரணம் இருக்கு. முதல்ல, பிளகின்னா என்னன்னு புரிஞ்சிடும்: அது வெறும் ஒரு ப்ரோகிராம், வேல முடிஞ்சதும் 0 குடுத்தா சரி, 1 குடுத்தா வார்னிங், 2 குடுத்தா கிரிட்டிக்கல், 3 குடுத்தா தெரியல, அவ்வளவு எளிமை, பேஷ்ல பத்து வரில உங்களோடது ஒண்ணு எழுதிடலாம். அந்த ப்ரோகிராம் ஒவ்வொரு தடவையும் புதுசா ஓடிட்டு செத்துடும், போன தடவ கவுண்டர் எவ்வளவு இருந்துச்சுன்னு எங்கயாவது எழுதி வெச்சாதான் இந்த தடவ வேகம் கணக்கு போட முடியும், கவுண்டர் வேற வேகம் வேறங்கறது இங்க மண்டைல ஏறிடும். ரெண்டாவது, சாஃப்ட் ஸ்டேட் ஹார்ட் ஸ்டேட்: ஒரு தடவ பிங் போகலன்னா உடனே கத்தாது, மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ்ல மூணுன்னு போட்டா மூணாவது தடவயும் போகலன்னாத்தான் மெசேஜ் வரும். மூணாவதுதான் பெருசு, பேரண்ட்ஸ்ங்கற ஒரே ஒரு வரி. இந்த ஸ்விட்ச் அந்த ரவுட்டருக்குப் பின்னாடி இருக்குன்னு எழுதிட்டா, ரவுட்டர் செத்தப்ப ஸ்விட்ச் டவுன்னு சொல்லாது, அன்ரீச்சபிள்னு சொல்லும். செத்துப்போச்சா இல்ல எனக்குத் தெரியலயாங்கற இந்த வித்தியாசத்த இவ்வளவு பச்சையா கத்துக்குடுக்கறது வேற எதுவும் இல்ல.

பேரண்ட்ஸோட அருமை எனக்கு எப்படித் தெரியும்னா, ஒரு இடத்துல ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஸ்விட்ச் பவர் போச்சு, அதுக்குப் பின்னாடி நாப்பது அம்பது டிவைஸ், அதுல ஒவ்வொண்ணுக்கும் பிங், எஸ்என்எம்பி, வெப்னு தனித்தனி செக், நான் டிபெண்டன்சி (எது எதுக்குப் பின்னாடி இருக்குங்கற தகவல்) எதுவும் போடல. பதினஞ்சு நிமிஷத்துல 140க்கு மேல மெசேஜ். ஆக்சஸ் பாயிண்ட் ஒவ்வொண்ணா கத்துது, கேமரா கத்துது, பிரிண்டர் கூட கத்துது, நிஜமா செத்த ஸ்விட்சோட மெசேஜ் நடுவுல எங்கயோ புதைஞ்சு கிடக்கு. டூட்டில இருந்த தம்பி மேல இருந்து ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்தான், ஸ்விட்ச் ரூமுக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆச்சு. அவன் மேல தப்பே இல்ல. நான் ஒழுங்கா அமைச்சிருந்தா அவனுக்கு ஒரே ஒரு மெசேஜ் போயிருக்கும்.

சரி, ஸாபிக்ஸ். கத்துக்கறவங்களுக்கு மெயினா எத வெச்சுக்கலாம்னு கேட்டா என் பதில் இதுதான். அலெக்சேய் விளாடிஷேவ் லாட்வியாவுல தன் வேலைக்காக 1998ல ஆரம்பிச்சு 2001ல வெளிய விட்டது, 2024ல வந்த 7.0ல இருந்து லைசன்ஸ் ஏஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் வகை. இதுலயும் நம்ம ஸ்விட்ச சேக்கறது சுலபம்தான், ஹோஸ்ட் உருவாக்கி எஸ்என்எம்பி இண்டர்ஃபேஸ் குடுத்து டெம்ப்ளேட்ட (எத எடுக்கணும், எப்ப கத்தணும்னு ரெடியா எழுதி வெச்ச தொகுப்பு) லிங்க் பண்ணா லோ லெவல் டிஸ்கவரி போய் போர்ட் எல்லாம் தேடி எடுத்துடும். ஆனா லிப்ரேஎன்எம்எஸ் மாதிரி மூடி வைக்காது. அந்த டெம்ப்ளேட்ட திறந்து, டிஸ்கவரி ரூல் உள்ள போய், பிட்ஸ் ரிசீவ்ட்ங்கற ஐட்டம் ப்ரோட்டோடைப்ப (ஒவ்வொரு போர்ட்லயும் அளக்க வேண்டியதோட மாதிரி) திறந்து, ப்ரீப்ராசசிங் டேப்ப பாருங்க. முதல் வரி, செகண்டுக்கு எவ்வளவு மாறுச்சு. அடுத்த வரி, எட்டால பெருக்கு. கவுண்டர் எப்படி வேகமாகுது, பைட் எப்படி பிட் ஆகுதுங்கறது ரெண்டே வரில கண்ணு முன்னாடி நிக்குது. எஸ்என்எம்பி வாக்ல வந்த நம்பர கையால கழிச்சு வகுத்துப் பாத்தவங்களுக்கு அந்த டேப்ப பாத்ததும் எல்லாம் விளங்கிடும்.

அடுத்து ட்ரிகர், அதாவது எப்ப கத்தணும்ங்கற விதி. டெம்ப்ளேட்ல இண்டர்ஃபேஸ் யூஸ் அளவு வழக்கமா 90 சதவீதம், அது ஒரு மேக்ரோ, அதாவது பேர் வெச்ச ஒரு மதிப்பு, நமக்கு அப்லிங்க்குக்கு மட்டும் 80 வேணும்னா டெம்ப்ளேட்ட தொடாம அந்த ஹோஸ்ட்ல, அந்த போர்ட் பேருக்கு மட்டும் மேக்ரோவ மாத்தி எழுதலாம். அந்த ட்ரிகரோட ரெக்கவரி எக்ஸ்ப்ரஷனையும் படிங்க: 90ஐ தாண்டுனா கத்தும், ஆனா 90க்கு கீழ வந்ததும் அடங்காது, இன்னும் மூணு சதவீதம் கீழ இறங்கணும். அந்த இடைவெளி இல்லன்னா டிராஃபிக் 89க்கும் 91க்கும் நடுவுல ஆடுறப்ப ப்ராப்ளம் ஓகே ப்ராப்ளம் ஓகேன்னு விடிய விடிய மெசேஜ் வந்துட்டே இருக்கும். யாரோ அனுபவப்பட்டு எழுதி வெச்ச டெம்ப்ளேட்ட வரி வரியா படிக்கிறது ஒரு நல்ல சீனியர் பக்கத்துல உக்காந்து வேல பாக்குற மாதிரி, இத நிஜமாவே சொல்றேன்.

ஸாபிக்ஸ்ல புதுசா வர்றவங்க மாட்டிக்கிற இடங்களும் இருக்கு. ஏஜெண்ட்ல (நாம பாத்துக்கற மெஷின்ல ஓடுற ஸாபிக்ஸோட சின்ன ப்ரோகிராம்) பேசிவ்னா சர்வர் போய் 10050 போர்ட்ல கேக்கும், ஆக்டிவ்னா ஏஜெண்ட் தானா சர்வரோட 10051க்கு வந்து குடுக்கும், ஃபயர்வால் எந்தப் பக்கம் திறக்கணும்ங்கறது இதுல இருந்துதான் வருது. ஆக்டிவ்ல ஏஜெண்ட் ஃபைல்ல எழுதுன ஹோஸ்ட்நேமும் வெப்ல குடுத்த பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும், கேப்பிடல் ஸ்மால் மாறுனா கூட டேட்டா வராது, லாக்க பாக்கத் தெரியாதவங்க நாள் முழுக்க ஃபயர்வாலையே தேடிட்டு இருப்பாங்க. அப்புறம் டேட்டாபேஸ். எல்லா ஐட்டத்தையும் பத்து செகண்டுக்கு ஒரு தடவ எடு, ஒரு வருஷம் வெச்சிருன்னு போட்டா கொஞ்ச மாசத்துல ஹவுஸ்கீப்பர் பழைய வரிகள அழிக்க முடியாம திணறும். எடுத்த மதிப்ப அப்படியே வெச்சிருக்கற ஹிஸ்டரிய கொஞ்ச நாளும் மணிக்கு ஒரு தடவ சுருக்கி வைக்கிற ட்ரெண்ட்ஸ நெறைய நாளும் வெச்சுக்கப் பழகுங்க, டேட்டாபேஸ பாத்துக்கறதும் இந்த வேலைல ஒரு பாதி.

ப்ரோமிதியஸ் பத்தி: 2012ல சவுண்ட்கிளவுட்ல ஆரம்பிச்சது, 2016ல சிஎன்சிஎஃப்ங்கற ஓப்பன் சோர்ஸ் அமைப்புல குபர்நெட்டிஸுக்கு (கண்டெய்னர்கள மேனேஜ் பண்ற சாஃப்ட்வேர்) அடுத்து சேந்த ரெண்டாவது ப்ராஜெக்ட். சர்வர், கண்டெய்னர் எல்லாத்துக்கும் அருமை, கிராஃப் போடுற கிராஃபானாவோட சேத்தா அழகுக்குக் கேக்கவே வேணாம். ஆனா நம்ம ஸ்விட்ச்சுக்கு நடுவுல எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர்னு ஒண்ணு (எஸ்என்எம்பி நம்பர ப்ரோமிதியஸுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறது) வேணும், எம்ஐபில (டிவைஸ்ல என்னென்ன கேக்கலாம்ங்கற பட்டியல்) இருந்து கான்ஃபிக் உருவாக்க ஜெனரேட்டர் ஓட்டணும், ஸ்விட்சோட ஐபிய பாராமீட்டரா மாத்தி எக்ஸ்போர்ட்டர் அட்ரஸுக்கு அனுப்புற ரீலேபல் வரிகள் முதல் தடவ யாருக்கும் புரியாது. ப்ரோமிதியஸோட கேள்வி மொழியான ப்ராம்கியூஎல்ல ரேட் (செகண்டுக்கு எவ்வளவுங்கற கணக்கு) போடுறப்ப நேரத்த சின்னதா குடுத்தா, அதாவது நிமிஷத்துக்கு ஒரு தடவதான் எடுக்குது நீங்களும் ஒரு நிமிஷம்னே குடுத்தீங்கன்னா, ரெண்டு புள்ளி சிக்காது, கிராஃப் காலியா வரும். டேட்டாவும் மாத்தலன்னா 15 நாள்தான் இருக்கும். அலர்ட் அனுப்புற அலர்ட்மேனேஜரோட க்ரூப்பிங்கும் (பல அலர்ட்ட ஒரே மெசேஜா சேக்கறது) இன்ஹிபிஷனும் (ஒரு அலர்ட் இருக்கறப்ப மத்தத அடக்கறது) மட்டும் கண்டிப்பா கத்துக்க வேண்டியது, நாகியோஸ்ல பேரண்ட்ஸ் புரிஞ்சவங்களுக்கு இன்ஹிபிஷன் சட்டுனு பிடிபடும்.

காசு குடுத்து வாங்குறதுல பிஆர்டிஜி விண்டோஸ்ல சுலபமா ஏறும், இலவசமா 100 சென்சார் குடுக்குறாங்க, ஆனா ஒரு போர்ட் ஒரு சென்சார்னு எண்ணுனா நாலு 24 போர்ட் ஸ்விட்ச்லயே 96 போயிடுச்சு, பழக மட்டும் போதும். சோலார்விண்ட்ஸ வீட்ல வெச்சு கத்துக்க நான் சொல்ல மாட்டேன், ஆனா 2020 டிசம்பர்ல வெளிய வந்த சன்பர்ஸ்ட் சம்பவத்த எல்லாரும் படிக்கணும். சோலார்விண்ட்ஸோட அப்டேட்டுக்குள்ளயே ஹேக்கர்கள் கெட்ட கோட நுழைச்சாங்க, ஏறக்குறைய 18,000 கஸ்டமர்களுக்கு அது போய்ச் சேந்துச்சு. மானிட்டரிங் சர்வர் எல்லா டிவைஸையும் தொடுது, எல்லா பாஸ்வேர்டும் அதுல இருக்கு, அதான் குறி வெச்சாங்க. நீங்க எதக் கத்துக்கிட்டாலும் பப்ளிக்னு இருக்குற கம்யூனிட்டிய முதல் நாளே மாத்துங்க, ரீட் ஒன்லி மட்டும் குடுங்க, முடிஞ்சா எஸ்என்எம்பி வெர்ஷன் 3ல ஆத் ப்ரைவ் (யார்னு சரிபாக்கறது, என்க்ரிப்ஷன் ரெண்டும்) போட்டுப் பழகுங்க, ஏன்னா வெர்ஷன் 2சில கம்யூனிட்டி வயர்ல அப்படியே படிக்கிற மாதிரிதான் போகுது.

ஆக என் வரிசை இதுதான்: மூணு நாள் எஸ்என்எம்பி வாக், ஒரு வாரம் நாகியோஸ், அப்புறம் மூணு மாசம் ஸாபிக்ஸ், சர்வர் கண்டெய்னர் பக்கம் போறவங்க அதுக்கு மேல ப்ரோமிதியஸ். ஏற்கனவே லிப்ரேஎன்எம்எஸ் ஓடுற ஆபீஸ்னா அத எடுக்க வேணாம், ஓரமா ஒரு வர்ச்சுவல் மெஷின்ல ஸாபிக்ஸ் போட்டு அதே டிவைஸ ரெண்டுலயும் சேத்து நம்பர் ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒத்துப்போகலன்னா ஏன்னு தேடுங்க. ஸ்விட்ச் இல்லாதவங்க கம்ப்யூட்டருக்குள்ளயே வர்ச்சுவல் நெட்வொர்க் அமைக்கிற ஜிஎன்எஸ்3ல ரெண்டு மூணு வர்ச்சுவல் டிவைஸ் வெச்சுக்கலாம், அதுவும் முடியலன்னா லினக்ஸ்ல எஸ்என்எம்பி கேள்விக்கு பதில் சொல்ற எஸ்என்எம்பிடி ஒண்ணே போதும்.

எல்லாம் அமைச்சதுக்கு அப்புறம் டெஸ்ட் லேப்ல அந்த அப்லிங்க் கேபிள பிடுங்கிட்டு போன கைல வெச்சுக்கிட்டு உக்காருங்க. எத்தன மெசேஜ் வருது, முதல் மெசேஜ் எத்தன செகண்ட்ல வருது, அதப் படிச்சா எந்த கேபிள்னு தெரியுதா, திரும்ப மாட்டுனா ரெக்கவரி வருதான்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒண்ணுக்கு மேல மெசேஜ் வந்தா டிபெண்டன்சில எதையோ விட்டிருக்கீங்க, போய் அத சரி பண்ணிட்டு மறுபடி பிடுங்குங்க.