பேக்கியின் பின்சக்கரம்: டிரம்மா, டிஸ்க்கா?

எங்கள் பேக்கி, அதாவது பிக்கப் வண்டி, பழைய டொயோட்டா ஹைலக்ஸ். வாரம் தவறாமல் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து பார்க் ரைனி பக்கம் ராக்கி பே கடற்கரைக்குப் படகை இழுத்துப் போகும். படகை இறக்கும்போது பின் ஆக்சில் அலையில் நனையாமல் தப்பாது. பின் பிரேக்கின் டிரம்மைக் கழற்றிவிட்டு நாங்களே டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் திறந்த தட்டு) போட்டதற்கு அந்த உப்புத்தண்ணீர்தான் காரணம்.

வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான். பின்னால் டிஸ்க் போட்டால் பாதித் தூரத்தில் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி நீண்ட இறக்கத்தில் டிஸ்க் சீக்கிரம் ஆறும், சரி. அங்கேயும் கியரைக் குறைத்து இறங்குவதுதான் முறை. செலவைப் பார்த்தால் டிரம்தான் மலிவு.

என்னை மாற்றவைத்தது கழுவுகிற வேலை. டிரம் என்பது மூடிய சட்டி; உள்ளிருக்கும் ஷூ என்ற கட்டைகள் அதை உள்பக்கமிருந்து அழுத்தி நிறுத்தும். உள்ளே போன மணலும் உப்பும் தானாக வெளியே வராது. துருவில் டிரம், சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள இரண்டு துளைகளில் போல்ட்டை முறுக்கித் தள்ளினால்தான் அசையும். திறந்தால் ஈர மாவு போலக் கறுப்புத் தூள், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள் துரு. ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இறுகிப்போய் பெடல் கீழே போகும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போய்விடும்.

இப்போது வீடு வந்ததும், பேட்களால் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் காலிப்பர்மேல் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி, தெருவை ஒரு சுற்று சுற்றி, பிரேக்கை மிதித்துக் காயவைக்கிறோம். பேட் எவ்வளவு மிச்சம் என்பது சக்கரத்தின் இடுக்கிலேயே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ் வைக்கவேண்டும். மறந்தால் ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும்.

வேலையில் கஷ்டமானது பேரிங். ஆக்சில் ஷாஃப்டை உருவி, பேரிங்கை பிரஸ்ஸில் தள்ளி எடுத்தால்தான் டிரம்முக்குப் பின்னாலுள்ள பழைய தகடு கழன்று காலிப்பர் பிராக்கெட் உட்காரும். சுத்தியலைத் தொடாதீர்கள். இந்த பேரிங் வேலையை மட்டும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். ஆயில் சீலும் புதிதாக இருக்கட்டும். கசிந்தால் எண்ணெய் நேரே பேடில்தான் இறங்கும்.

டிஸ்க் டிரம்மிடம் தோற்ற இடம் ஹேண்ட்பிரேக். டிரம்மில் சக்கரம் உருளப் பார்த்தாலே ஷூ இன்னும் இறுகும். எங்கள் காலிப்பரின் ஹேண்ட்பிரேக் அந்தளவு பிடிப்பதில்லை. “கட்டை வைக்காம வண்டிய விட்டு இறங்காதே மாப்பிள்ளை” என்று மாமா ஒவ்வொரு தடவையும் சொல்வார். படகு பின்னால் மாட்டியிருக்கும் சரிவில் அவர் சொல்வதுதான் சரி.

இன்னொன்று, பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு. அதைக் கழற்றி எறியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பாரமில்லாத பேக்கியில், மழையில், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, ஈரத்திலும் மிதித்துப் பார்த்த பிறகே என்2 நெடுஞ்சாலையில் ஏறினோம்.

போட்டு 14 மாதம்தான் ஆகிறது. முழுப் பாரத்தோடு மலை இறங்கியதில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விற்கும்போது, வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையும் இருக்கிறது. கடற்கரைப் பக்கமே போகாத வண்டி என்றால் டிரம்மே இருக்கட்டும். படகு இழுக்கிறவர்களுக்கு டிஸ்க்தான்.