பல்ஷாயா கன்யூஷென்னயா தெருவின் பிஷ்கிக் கடை

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எனக்குச் சனிக்கிழமை விடிவதே இந்தக் கடையில்தான். நியெவ்ஸ்கி சாலையிலிருந்து திரும்பிக் கொஞ்சம் நடந்தால் 25ஆம் எண் கட்டடம். 1958 முதல் இங்கே பிஷ்கி சுடுகிறார்கள். பார்க்க மெதுவடை போல நடுவில் ஓட்டை. ஆனால் புளிக்க வைத்த மைதா மாவு, எண்ணெயில் பொரித்து மேலே பொடித்த சர்க்கரை தூவித் தருவார்கள்.

வரிசை சில நாள் வாசலைத் தாண்டும். பயப்படாதீர்கள், மளமளவென்று நகரும். ரஷ்ய மொழி சரியாக வராத நாட்களிலும் "பியாத் பிஷெக்" என்று சொல்லி ஐந்து வாங்கிவிட முடிந்தது. அன்று எனக்கு அது பெரிய சந்தோஷம்.

தட்டு கைக்கு வந்ததும் கடித்துவிட வேண்டும். சூட்டில் சர்க்கரை ஓரமாக உருகி ஒட்டும், மேல்தோல் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கறுப்புக் கோட்டு போட்டுப் போனால் மார்பெல்லாம் வெள்ளைப் பொடிதான். காபி பாலும் இனிப்பும் சேர்ந்தே வரும். நம் டிகிரி காபியை நினைக்காமல் குடியுங்கள், பனிக்காலத்தில் அவ்வளவு இதம். பார்சல் மட்டும் வேண்டாம், ஆறினால் இழுபடும். முதலில் மூன்று சாப்பிடுங்கள், அப்புறம் எழுந்துபோய் சூடாக இன்னும் மூன்று வாங்குங்கள்.